சனிக்கிழமைச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையும்

தொழில் நடத்தும் விசுவாசிகளின் கேள்விகளுக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி ஓய்வு பெற்ற சபை மூப்பர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா, நாற்பது பேர் வேலை செய்யும் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ஏற்றுமதி கம்பெனியிலிருந்து வரவேண்டிய பில் நான்கு மாதமாக நிற்கிறது. ஒரு வாரச் சம்பளம் பாக்கி. தொழிலாளர்களிடம் பிடித்த பி.எஃப். பணத்தையும் கட்டவில்லை. புதிய ஆலயக் கட்டடத்துக்கு 2 லட்சம் பொருத்தனை செய்து, சபையில் பெயரும் வாசித்துவிட்டார்கள். இப்போது கையில் இரண்டரை லட்சம் வந்திருக்கிறது. நேர்ந்துகொண்டதை முதலில் செலுத்து என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

தம்பி, சம்பளம்தான் முதலில். அதுவும் வருகிற சனிக்கிழமைக்குள். நம் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைப் பாக்கி தீரும், வீட்டுக்காரருக்கு வாடகை போகும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதிலிருந்துதான். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. நீங்கள் ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்தது பி.எஃப். தொழிலாளி பங்கான 12 சதவீதத்தை அவர் சம்பளத்தில் பிடித்த நிமிடமே அது அவருடைய பணம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அதற்கு மேல் அபராதமும் வரும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைச் சட்டமே நம்பிக்கை மோசடியாகத்தான் பார்க்கிறது. சட்டத்தை விடுங்கள். செக்கிங்கில் நிற்கும் அம்மா மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை எடுக்கப் போகிறார். கணக்கில் இல்லை என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அப்பா சொல்வதும் வசனம்தான், பிரசங்கி 5-ல் இருக்கிறது. ஆனால் மாற்கு 7-ஐயும் அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்களை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். இன்னொருவருக்குச் சேரவேண்டிய பணம் ஆலயத்துக்குப் போனாலும் அது காணிக்கையாகாது. ஆயரிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். பொருத்தனையைக் கைவிடவில்லை, தவணை கேட்கிறேன் என்று சொல்லுங்கள். சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும்.

அப்புறம் அந்த பில். நான்கு மாதம் பேசாமல் காத்திருப்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் யூனிட்டுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், 2006-ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டப்படி அவர்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் மனு போடலாம். பெரிய கம்பெனி, அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம் புரிகிறது. முதலில் முதலாளியையே பார்த்துக் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் மனு போடத் தயங்காதீர்கள். பவுலே நியாயம் கேட்டு இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டவர்தானே.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், பொட்டு வைத்து, என்னைக் கற்பூரம் காட்டக் கூப்பிடுகிறார்கள். கம்பெனிக்குள் இதை அனுமதிப்பது பாவமா? (சேகர கமிட்டி உறுப்பினர், அவிநாசி)

அவர்கள் கும்பிடுவதை நீங்கள் தடுக்க வேண்டாம், நீங்கள் கும்பிடவும் வேண்டாம். கற்பூரத் தட்டை மூத்த டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் விசுவாசம் என்ன என்று ஊருக்கே தெரியும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பொரி, கடலை, இனிப்புக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். தீபாவளி போனஸையும் கடைசி நாள்வரை இழுக்காமல், துணி எடுக்க அவகாசம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. காலை ஜெபத்துக்கு எல்லோரும் நிற்க வேண்டும் என்று வைத்திருக்கும் சில கம்பெனிகளை அறிவேன். சம்பளம் கொடுக்கிறவர் கூப்பிட்டால் வராமல் இருக்க யாருக்குத் தைரியம் வரும்? அப்படி நிற்கவைத்துக் கேட்கவைக்கும் சுவிசேஷத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. விருப்பப்பட்டவர்கள் ஷிப்ட்டுக்கு முன்னால் தனி அறையில் கூடட்டும்.

நாங்கள் ஜாப் ஒர்க் கொடுக்கும் ஒரு பட்டறையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து பிசிர் வெட்டுவதாக எங்கள் சூப்பர்வைசர் சொல்கிறார். பட்டறைக்காரர் எங்கள் சபைக்காரர். ஷிப்மென்ட்டுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இது முடியட்டும், பிறகு விசாரிப்போம் என்கிறார் என் அண்ணன். (ஏற்றுமதியாளர், திருப்பூர்)

சாக்லேட் கம்பெனி நடத்திய கேட்பரி குடும்பத்தை நினைத்துக்கொண்டேன். இங்கிலாந்தில் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள். 1879-ல் பர்மிங்ஹாம் புகைக்குள்ளிருந்து தொழிற்சாலையை போர்ன்வில்லுக்கு மாற்றி, தோட்டத்தோடு வீடுகளும் விளையாட்டுத் திடலும் உண்டாக்கினார்கள். உண்மையான பக்திமான்கள். ஆனால் அவர்கள் வாங்கிய கொக்கோவில் பெரும்பகுதி போர்த்துகீசியர் ஆண்ட சாவோ டோமே தீவிலிருந்து வந்தது. அங்கே அங்கோலாவிலிருந்து கொண்டுவந்த மக்கள் அடிமைகளாக வேலை செய்கிறார்கள் என்ற செய்தி 1901-ல் வில்லியம் கேட்பரியின் காதுக்கு வந்தது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அரசாங்கத்தோடு பேசினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909-ல். வாங்கிக்கொண்டே இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை வெறும் சாக்கு என்று தள்ள மாட்டேன், அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த எட்டு ஆண்டும் கொக்கோ வந்துகொண்டுதான் இருந்தது. தங்களைக் குறை சொன்ன பத்திரிகை மேல் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு.

உங்கள் அண்ணன் சொல்லும் மூன்று வாரமும் அதே பாதைதான். இந்த ஷிப்மென்ட் முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

போன் பண்ணாதீர்கள், இன்றே நேரில் போங்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் கூலி வேலைக்கு வைக்கவே கூடாது, 2016 திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தொழிலிலும் கூடாது. பிள்ளைகள் பெற்றோரோடு இருக்கிறார்களா, பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ கூட்டிவந்த பிள்ளைகள் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். சபைக்காரர் என்று பார்க்க வேண்டாம். உங்கள் பெயர் கெடாமல் இருக்க ஆர்டரை மட்டும் நிறுத்திவிட்டு ஒதுங்குவதிலும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பிள்ளை அடுத்த தெருப் பட்டறையில் போய் உட்காரும்.

கூடவே உங்கள் ரேட்டையும் எடுத்துப் பாருங்கள். பீஸுக்கு நீங்கள் கொடுக்கும் பைசாவில் பெரியவர்களுக்குக் கூலி கொடுத்து அந்த வேலையை முடிக்க முடியுமா? முடியாது என்றால் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு. ரேட்டைக் கூட்டுங்கள். நாள் போதவில்லை என்றால் சரக்கு வாங்கும் பையரிடம் காரணத்தைச் சொல்லித் தேதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான் விழும். அந்த ஆர்டரில் லாபம் போகும், போகட்டும்.

என் கணவர் இரவில் தூங்குவதில்லை. தொழிலில் என்ன பிரச்சினை என்று கேட்டால், நீ ஜெபம் பண்ணு, அது போதும் என்கிறார். கம்பெனியில் நானும் பார்ட்னர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு எதுவும் தெரியாது. (வாசகி, பல்லடம்)

மகளே, ஜெபம் பண்ணுங்கள், கணக்கையும் கேளுங்கள். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி கம்பெனியின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. அதனால் கேட்பது உங்கள் உரிமை, அவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை.

வங்கி ஓ.டி. (ஓவர் டிராஃப்ட் கடன்) எவ்வளவு, ஜி.எஸ்.டி. எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது, வெளியில் கைமாற்று யாரிடம், என்ன வட்டிக்கு என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வராது. மீட்டர் வட்டி என்று தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது.

அவரை உடனே கேள்வியால் நெருக்காதீர்கள். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவை தேவதூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துத் தூங்க விட்டு, மறுபடியும் சாப்பாடு கொடுத்த பிறகுதான் எலியா ஓரேப் மலைக்கு நடந்தார். உங்கள் கணவருக்கும் முதலில் தூக்கம் வேண்டும். உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் ஞாயிறு மதியம் சாப்பிட்ட பிறகு கணக்கு நோட்டோடு இரண்டு பேரும் உட்காருங்கள். அடுத்த முறை ஆடிட்டரைப் பார்க்க அவர் கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்கள்.