முருகன் முங்கியாச்சா?

கேள்வி: ஐயா, திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்குவதைத் தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கிறேன். கரையில் இடம் இல்லாமலா தாமிரபரணி ஆற்றுக்குள் கட்டினார்கள்? சுற்றி உயரமாகத் தடுப்புச்சுவர் எழுப்பினால் என்ன?
(வாசகி, கோவை)

பதில்: தடுப்புச்சுவர் மட்டும் வேண்டாம் அம்மா. நான் அந்தத் துறையில் நீச்சல் பழகியவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரையில் இடம் இருந்தது. ஆனால் சாமி இருந்தது ஆற்றுக்குள். மூலவர் வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து வைத்த சிலை அல்ல, அங்கிருந்த பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கிய உருவம். அந்தப் பாறைக்குத் திருவுருமாமலை என்று பெயர். திருச்செந்தூர் சண்முகருக்கே இங்கிருந்துதான் கல் போனது என்பது எங்கள் ஊர் வழக்கு. பாறையை நகர்த்த முடியாது, கோயில்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

ஆற்றுக்குள் கட்டியவர்கள் ஆற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. தண்ணீர் வரும் பக்கத்து மதிலைப் படகின் முனை போலக் கூராக அமைத்தார்கள். வெள்ளம் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போகும். மீறி ஏறும் தண்ணீருக்கு வழி விட்டுவிடுவார்கள். கதவுகள் திறந்தே கிடக்கும். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் சுவரைத் தள்ளுகிற பலம் பெரிதும் குறைந்துவிடும். அஸ்திவாரம் பாறை, அதனால் அடிமண் அரிக்கும் கவலையும் இல்லை. நீங்கள் சொல்கிற தடுப்புச்சுவரைக் கட்டினால் முழு ஆற்றின் எடையையும் அந்த ஒரு சுவர் தாங்க வேண்டும். அது உடைந்தால் கோயிலுக்குத்தான் ஆபத்து.

தண்ணீர் ஏறும் சேதி வந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பூஜை அங்கே நடக்கும். மூலவர் மட்டும் தண்ணீருக்குள் இருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஆச்சி விடிந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “முருகன் முங்கியாச்சால?” என்பதுதான். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் தெருவுக்கு அதுதான் அளவுகோல். மண்டபத்தின் கூரை வரை தண்ணீர் என்று சொன்னால் போதும், நெல் மூட்டைகள் பரணுக்கு ஏறிவிடும்.

1992 நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு கோயிலைக் கழுவப் போன இளவட்டங்களில் நானும் ஒருவன். தூணடியில் வண்டல் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. பச்சைக் களிமண் வாசனையோடு அழுகிய இலை வாசனையும் சேர்ந்து வந்தது. கூட வந்த பெரியவர் ஒருவர், “ஈரம் காயுமுன்னே கழுவுங்கடே” என்று விரட்டிக்கொண்டே இருந்தார். அவர் விரட்டியது ஏன் என்று மறுநாள்தான் புரிந்தது. விட்டுப்போன ஒரு தூணில், யாளியின் பல்லிடுக்கில் மண் இறுகிப்போய், தென்னை ஈர்க்கால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. மண் போனதும் யாளி பழையபடி முழித்துப் பார்த்தது. 2023 டிசம்பர் பெருமழையிலும் கோயில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தண்ணீர் வடிந்தபோது மூலவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

கேள்வி: திருப்புடைமருதூரில் சிவலிங்கம் சாய்ந்திருக்கிறதே, ஏன்? அங்கே அவசியம் பார்க்க வேண்டியது என்ன?
(வாசகர், மதுரை)

பதில்: அதுவும் வெள்ளத்தின் கதைதான். கருவூர்ச் சித்தர் வந்தபோது தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. அக்கரையில் நின்றபடியே “நாறும்பூநாதா” என்று கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்க இறைவன் தலை சாய்த்தார், சாய்ந்தபடியே இருக்கிறார் என்பது தலபுராணம். இரைந்து ஓடும் ஆற்றுக்கு இப்பால் நின்று, அக்கரையில் இருப்பவர் பேசுவதைக் கேட்க முயன்றவர்களுக்கு அந்தச் சாய்வு நன்றாகப் புரியும்.

கடனா நதி வந்து சேருகிற இடம் இந்த ஊர். மருத மரம் தலவிருட்சம். மருதத்துக்கு அர்ச்சுனம் என்றும் பெயர். ஸ்ரீசைலம், திருவிடைமருதூரோடு இதையும் சேர்த்து மூன்று அர்ச்சுனத் தலங்கள் என்பார்கள்.

அவசியம் பார்க்க வேண்டியது கோபுரத்தின் உட்புறம். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, கையில் டார்ச் லைட்டோடு போங்கள். குறுகலான படியேறினால் ஐந்து நிலைகளிலும் சுவர் நிறைய ஓவியங்கள், சிற்ப வேலை செய்த மரத்தூண்கள். விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. போர்க்காட்சிகள் இருக்கின்றன, திருவிளையாடல் இருக்கிறது. என்னை நெடுநேரம் நிறுத்தியது ஒரு கப்பல். அதில் குதிரைகள், கூடவே அரபு வணிகர்கள். கடலை விட்டு இவ்வளவு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் கப்பலையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்! ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சுவரைத் தொடாதீர்கள். விரல் பட்ட இடமெல்லாம் வண்ணம் உதிர்கிறது, கண்ணால் பார்த்தேன்.

கேள்வி: பாபநாசத்தில் பரிகாரம் முடித்ததும் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விடச் சொல்கிறார்கள். விடலாமா?
(வாசகி, விருதுநகர்)

பதில்: விடவே கூடாது. படித்துறையில் கால் வைத்தால் பழைய சேலை சுற்றிக்கொள்கிறது. தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள், மறுவாரம் மறுபடி சேர்ந்துவிடுகிறது. நீச்சல் தெரிந்தவனுக்கும் காலில் துணி சிக்கினால் ஆபத்துதான். அப்புறம், அதே தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. மூன்று முறை முங்கிக் குளியுங்கள், பாபநாசநாதரைக் கும்பிடுங்கள், துணியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.