மாதக் கணக்கை முடிப்பவருக்கே பதவி

கேள்வி: தேவகோட்டைக்காரன், பி.காம். படித்தவன். காரைக்குடி நிறுவனம் ஒன்றில் நான்கு வருஷம் நான்கு மாதமாக அக்கவுண்டன்ட். சம்பளம் 35,000 ரூபாய். அதில் பேசிக் 24,000. எனக்குப் பின்னால் சேர்ந்தவர் அசிஸ்டன்ட் மேனேஜர் ஆகிவிட்டார். சென்னையில் 42,000 தருகிறார்கள். போகலாமா?

பதில்: இன்னும் எட்டு மாதம் பொறுங்கள். ஐந்து வருஷம் நிறைந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டு, வருஷத்துக்கு 15 நாள் பேசிக்: 24,000 × 15 ÷ 26 × 5, அதாவது சுமார் 69,230 ரூபாய். இப்போதே கிளம்பினால் அது போய்விடும். கூடுதலாக வரும் 7,000-ஐ சென்னை வாடகையும் சாப்பாடுமே தின்றுவிடும்.

உங்களை முந்தியவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கவனியுங்கள். டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி மட்டும் போடுபவர் எத்தனை வருஷம் இருந்தாலும் அதே நாற்காலிதான். மாதக் கணக்கை முடித்து, லாபம் ஏன் குறைந்தது என்று முதலாளிக்கு விளக்குபவரே மேலே போகிறார். பர்மாவில் செட்டியார் கடைகளில் கடைநிலைப் பெட்டியடிப் பையன் உதவியாளரான அடுத்தாளாகி, பிறகு அவருக்கும் மேலான மேலாளானதும் இப்படி வேலையைக் கையிலெடுத்துப் பழகித்தான்.

மேனேஜரிடம் சம்பளத்துக்கு முன் வேலையைக் கேளுங்கள். முதல் மாதம் பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது பேங்க் ஸ்டேட்மென்ட்டை நம் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. அடுத்து, 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பியை (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு சப்ளையரிடம் பேசுவது. மூன்றாவது மாதம் புரொவிஷன், அதாவது பில் வராவிட்டாலும் அந்த மாதச் செலவை அந்த மாதத்திலேயே எழுதுவது. பலர் சறுக்குவது இங்கேதான்: மார்ச் மாதக் கரண்ட் பில் ஏப்ரலில் வந்தது என்று ஏப்ரலில் எழுதினால், மார்ச் லாபம் பொய்யாக ஏறி நிற்கும். இவை பழகியபின் சரக்கிருப்பும் தேய்மானமும் சேர்த்து, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) வரை நீங்களே முடியுங்கள். கேட்டும் தராவிட்டால், வெளியேற அதுதான் நியாயமான காரணம்.

கூடவே காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பான சிஎம்ஏவின் இன்டர்மீடியட்டில் சேருங்கள், பி.காம். இருப்பதால் நேரடியாகச் சேரலாம். ஜூன், டிசம்பரில் தேர்வு. தாளுக்கு 40, குரூப்புக்கு மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும்.

பிறகு சென்னையோ கோவையோ, இன்டர்வியூவில், ‘மாதக் கணக்கை யார் முடிப்பது?’ என்று கேட்டுவிடுங்கள். ஆடிட் நடக்கும்போது பாதியில் விட்டுப் போகாதீர்கள். அடுத்த நிறுவனம் இங்கேதான் விசாரிக்கும். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யூஏஎன்னில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் வரி விழும். மாற்றினால் பழைய சர்வீஸும் சேர்ந்து கணக்காகும்.