தரம் 3 பிள்ளைக்குக் கணக்கு என்றாலே சலிப்பு. இரகசியக் குறியீடு உதவுமா?

நன்றாகவே உதவும். வெள்ளவத்தையில் என் மகளோடு நான் விளையாடுவது இது: கொப்பியில் 18 மெய்க்கும் 12 உயிருக்கும் வரிசைப்படி எண் போடுங்கள். உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டு எண்களாகிவிடும். வ என்றால் 14, 1. டை என்றால் 5, 9. அதை அப்படியே தராமல் கணக்காகத் தாருங்கள்: (7×2, 1) (20÷4, 3×3). விடை, வடை! காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கித் தருவதாகச் சொன்னால் வேகமே தனி.

எனக்குப் பிடித்தது, பிழை தன்னையே காட்டிக்கொடுப்பதுதான். மூன்றையும் மூன்றையும் பெருக்காமல் கூட்டினால் 'வடூ' வரும். அவளே சிரித்துவிட்டு அழித்து எழுதுவாள். சிவப்புப் பேனைக்கு வேலையில்லை.

அப்புறம், ஜூலியஸ் சீசர் கடிதங்களில் கையாண்ட முறை: எழுத்தை மூன்று இடம் தள்ளுவது. க், ஞ் ஆகும். 18ஐத் தாண்டினால் மறுபடி 1. வெறும் கூட்டல்தான், தரம் 2க்கே கொடுக்கலாம்.