புகைகிறது என்பதற்காக எஞ்சினைத் தூக்கி எறியலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் சுங்கை சிப்புட். தோட்டத்துத் துரை பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்த கார்டன் டிராக்டரை, பங்களா மூடப்பட்டபோது அங்கே கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா விலைக்கு வாங்கினார். அவர் காலமான பிறகு வண்டி என்னிடம் இருக்கிறது. கோலர் கே341 எஞ்சின், 16 குதிரைசக்தி, ஒற்றை சிலிண்டர். கோயில் வளாகத்திலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் புல் வெட்டுகிறேன். எங்கள் மூன்று ஏக்கர் செம்பனையில் குலைகளைச் சிறு டிரெய்லரில் ஏற்றி இழுத்து வருகிறேன். சில மாதங்களாக நீலப் புகை வருகிறது. ஒருமுறை ஓட்டினால் அரை லிட்டர் எண்ணெய் குறைகிறது. மேட்டில் ஏறத் திணறுகிறது. பிரித்துச் செய்ய 1,900 ரிங்கிட் ஆகும் என்கிறார் எங்கள் மெக்கானிக். இன்னொருவர் 1,300 ரிங்கிட்டுக்குப் புதிய சீன எஞ்சின் பொருத்தித் தருகிறேன் என்கிறார். எல்லாவற்றையும் பழைய இரும்புக்கடையில் போட்டுவிட்டு 12,000 ரிங்கிட்டுக்குப் புதுவண்டி வாங்குவோம் என்கிறான் மகன். எது சரி? எஞ்சினை மாற்றினால் பழையதை என்ன செய்வது? — ஒரு வாசகர், பேராக்.

பதில்: ஐயா, முதல் வேலையாக வண்டியை நிறுத்திவையுங்கள். முடிவு எடுக்கும்வரை கோயில் புல்லை யாராவது முதுகில் மாட்டும் புல்வெட்டியால் வெட்டட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் எஞ்சினில் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பம்ப் கிடையாது. பிஸ்டனைக் கிராங்கோடு (சுழல்தண்டோடு) இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு நாக்கு, ஒவ்வொரு சுற்றிலும் கீழே தேங்கிய எண்ணெயில் மூழ்கி, அதை வாரி இறைக்கிறது. அதுதான் மொத்த மசகும். அந்த எஞ்சின் கொள்ளும் எண்ணெயே இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் அரை லிட்டர் போய்விட்டால் கால்பங்கு போயிற்று. அந்த நிலையில் டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது வண்டி சாய்கிறது, எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, நாக்குக்கு எட்டுவதில்லை. ராடு அலுமினியத்தால் ஆனது. உலர்ந்தால் கிராங்கைக் கவ்விப் பிடித்து உடையும். உடைந்த துண்டு எஞ்சின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இன்று 1,900 ரிங்கிட்டில் முடியக்கூடிய வேலை அன்றைக்கு எவ்வளவு கொடுத்தாலும் முடியாது.

அடுத்து, உங்களுக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்லியிருக்கிறார்கள். எஞ்சினை அளந்து பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்பது மட்டுமே உறுதி. ஏன் எரிகிறது என்பதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. அவற்றில் இரண்டு, கைச்செலவில் தீர்ந்துவிடும்.

எண்ணெய்க் குச்சியை உருவி மூக்கருகில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிறதா? விரல்களுக்கிடையே தேய்த்தால் தண்ணீர்போல் ஓடுகிறதா? அப்படியானால் கார்பரேட்டரில் பெட்ரோலைத் தடுக்கும் ஊசி தேய்ந்திருக்கிறது. வண்டி சும்மா நிற்கும் இரவுகளில் டாங்கிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் இறங்கி, எண்ணெயோடு கலந்து, மட்டத்தை உயர்த்தி, மெலிந்த எண்ணெயாகிப் பிஸ்டனைத் தாண்டி மேலேறி எரிகிறது. பார்ப்பதற்கு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்த எஞ்சின் போலவே புகைக்கும். ஊசியை மாற்றி, எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினால் புகை நின்றுபோன எஞ்சின்கள் ஏராளம். இன்னொன்று, எஞ்சினின் பக்கவாட்டில் வால்வு மூடிக்குள் இருக்கும் மூச்சுக் குழாய். உள்ளே தேங்கும் காற்றழுத்தத்தை வெளியேற்றுவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் எண்ணெயைக் கிடைத்த வழியிலெல்லாம் தள்ளும். கழற்றிப் பெட்ரோலில் கழுவி, அதன் தகடு ஒருவழியாக மட்டும் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதே மூச்சில், எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகர உறையையும் கழற்றிப் பாருங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் இது. இரும்புச் செதில்களுக்கிடையே புல்தூள், செம்மண், கசிந்த எண்ணெய் மூன்றும் சேர்ந்து கெட்டிப்பட்டு அடையாக ஒட்டியிருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்தினால்தான் பெயரும். குளிர்நாடுகளில் வருடத்தில் பாதி மாதங்கள் புல் வளர்வதே இல்லை, எஞ்சின் ஓய்வெடுக்கிறது. நமக்குப் பன்னிரண்டு மாதமும் புல் வளர்கிறது, வெயிலும் குறைவதில்லை. அங்கே எழுதிய கையேட்டில் ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லியிருந்தால், இங்கே இரண்டு முறையாவது செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இவை எதுவுமில்லை என்றால் காற்றுக்கசிவுச் சோதனை. பெரும்பாலான மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் மானியைப் பிளக் துளையில் வைத்துவிட்டு, "அழுத்தம் இல்லை, எஞ்சின் போச்சு" என்று கைவிரிக்கிறார்கள். உங்கள் எஞ்சினில் அந்த மானியை நம்பக் கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது சுலபமாகச் சுழல்வதற்காக, மெதுவான சுழற்சியில் வெளியேற்று வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும் ஏற்பாடு, வால்வுகளை இயக்கும் கேம் தண்டிலேயே இருக்கிறது. நல்ல எஞ்சினும் அதில் குறைவாகத்தான் காட்டும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் கட்டத்தில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றை விட வேண்டும். ஃபிளைவீல் என்ற கனச்சக்கரம் திமிறிச் சுழலப் பார்க்கும். அதை இறுகப் பூட்டாமல் யாரும் கைவைக்கக் கூடாது. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கார்பரேட்டர் வாயில் சீறினால் உள்வாங்கும் வால்வு. சைலன்சரில் சீறினால் வெளியேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் துளையில் குபுகுபுவென்று வந்தால் ரிங்கும் சிலிண்டரும். டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரசரே இதற்குப் போதும். அரை மணி நேரத்து வேலை. இதைச் செய்யாமல் 1,900 ரிங்கிட் கேட்பவரிடமும், 1,300 ரிங்கிட்டுக்கு எஞ்சினைக் கழற்றுகிறேன் என்பவரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மேட்டில் திணறுவது வேறு நோயாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து எஞ்சின் என்பதால் பற்றவைப்புக்கு பாயின்ட் செட், அதாவது திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள், இருக்கும். இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து கருகியிருந்தால் சுமை ஏறும்போது பொறி பலவீனப்பட்டு எஞ்சின் விக்கும்.

சரி, சோதித்தாயிற்று, ரிங்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் எஞ்சினின் உடல் முழுக்க வார்ப்பிரும்பு. இன்றைய மலிவான சிறு எஞ்சின்களைப் போல ஒருமுறை தேய்ந்தால் வீசிவிடும் கணக்கில் அதைச் செய்யவில்லை. சிலிண்டரைக் கடைந்து ஓர் அளவு பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30 என மூன்று படிகளில் பிஸ்டன் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே கடைந்த எஞ்சினா என்று தெரிய, பிஸ்டனின் தலையில் எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்னும் மூன்று ஆயுள் அதற்கு மிச்சமிருக்கிறது. கிராங்கில் ராடு உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். உருண்டை குலைந்திருந்தால் அதே ஆயிரத்தில் 10 அளவு கடைந்து, அதற்கேற்பத் துளை சிறிதான ராடு போடலாம். அதற்கும் மேல் தேய்ந்திருந்தாலோ எஞ்சின் சுவரில் வெடிப்பு இருந்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு இடங்களில்தான் நான் பழுதுபார்ப்பைக் கைவிடச் சொல்வேன். சிலிண்டர் கடைவது ஊர்ப்பட்டறை வேலையல்ல. ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள், மோட்டார்சைக்கிள், லாரி சிலிண்டர் கடையும் லேத் பட்டறைக்கு இது சிறிய வேலை. பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே சிலிண்டரில் கைவைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் மெக்கானிக்கிடம் இன்னொன்றும் கேளுங்கள்: சிலிண்டர் ஏன் தேய்ந்தது? பதில் அநேகமாகக் காற்று வடிகட்டியில் இருக்கும். மூடி சரியாக உட்காராமல், ரப்பர் இறுகிப் போய், செம்பனைப் பாதையின் செம்மண் தூசி உள்ளே போயிருக்கும். தூசியும் எண்ணெயும் கலந்தால் அது உப்புத்தாள்தான். அந்த ஓட்டையை அடைக்காமல் ரிங் மாற்றினாலும் வீண், புது எஞ்சின் வைத்தாலும் வீண்.

இனி அந்த 1,300 ரிங்கிட் எஞ்சின். அதைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் பம்புக்கும் சிறு ஜெனரேட்டருக்கும் அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ்390 மாதிரியைப் பார்த்துச் செய்த 389 சி.சி. எஞ்சினாகத்தான் இருக்கும். உங்களுடையது ஏறத்தாழ 588 சி.சி. சமதரையில் புல் வெட்டும்போது வித்தியாசம் தெரியாது. குலை ஏற்றிய டிரெய்லரோடு மேடேறும்போது தெரியும். விலை சொன்னவரிடம் கேளுங்கள்: தண்டின் குறுக்களவும் நீளமும் என் வண்டியின் கப்பிக்குச் சரியா, அடியில் ஆணித் துளைகள் பொருந்துமா, புகைக்குழாய் எந்தப் பக்கம் வருகிறது, பேட்டரிக்கு மின்னூட்டும் சுருள் இருக்கிறதா? கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகையில் அந்தச் சுருள் பெரும்பாலும் இருக்காது. தட்டு வெல்டிங், புதுக் கப்பி, வயரிங் எல்லாம் சேர்ந்தால் 1,300 எங்கே போய் நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். சக்தி போதவில்லை என்று சிலர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பியை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டுவார்கள். நிமிடத்துக்கு 3,600 சுற்றுதான் இத்தகைய எஞ்சின்களின் எல்லை. அதற்கு மேல் ஓட்டினால் எஞ்சின் மட்டுமல்ல, புல் வெட்டும் கத்தியும் கழன்று பறக்கலாம். பள்ளித் திடலில் பிள்ளைகள் இருப்பார்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கியர்ப்பெட்டி ஊளையிட்டு, பின் அச்சு ஆடி, சட்டம் துருப்பிடித்து வெடித்திருந்தால் எஞ்சினுக்குச் செலவழிப்பது வீண். ஆகவே எஞ்சினில் கைவைக்கும் முன் அவனையே கூட்டிக்கொண்டு வண்டியின் கீழே ஊர்ந்து பாருங்கள். ஆனால் அவன் காட்டும் 12,000 ரிங்கிட் வண்டி இதற்கு மாற்று ஆகாது. அது புல்வெட்டும் வண்டி. தகட்டை மடித்துச் செய்த சட்டம், மெல்லிய அச்சு, பெரும்பாலும் உள்ளே எண்ணெய் மாற்றவும் வழியில்லாத சிறு கியர்ப்பெட்டி. துரை பங்களா வண்டி இழுவைக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. புதுவண்டியில் செம்பனைக் குலை இழுத்தால் கியர்ப்பெட்டி சீக்கிரமே கையை விரித்துவிடும். குலைக்கு வேறு வண்டி வைத்துக்கொள்வதாக இருந்தால், கோயிலுக்கும் பள்ளிக்கும் மட்டும் அது பொருத்தமே. அந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து போடுங்கள்.

அப்பாவின் நினைவை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அதைக் கணக்கில் சேர்க்கக் கூச்சப்பட வேண்டாம். தோட்டங்கள் கைமாறி, லயன்கள் இடிக்கப்பட்டு, நம்மவர்கள் கையில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அவர் உழைத்த காசில் வாங்கிய இரும்பு, இன்னும் கோயிலுக்கும் பள்ளிக்கும் உழைக்கிறது. சோதனையில் எஞ்சின் தேறினால், விலை இருநூறு முந்நூறு கூடக் குறைய இருந்தாலும் பழுதுபார்ப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பழுதுபார்த்து வந்ததும் ஒற்றை எண் கொண்ட எஸ்ஏஇ 30 எண்ணெயே ஊற்றுங்கள். நம் வெப்பத்துக்கு அது போதும். முதல் 5 மணி நேரம் ஓடியதும் அதை வடித்து மாற்றிவிடுங்கள், புது ரிங் தேய்த்த இரும்புத்தூள் அதில்தான் இருக்கும். அந்த 5 மணி நேரமும் டிரெய்லர் வேண்டாம், புல் மட்டும். பிறகு ஓடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குச்சியைப் பாருங்கள்.

எஞ்சினை மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், பழையதை அப்படியே கிலோ கணக்கில் நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். கார்பரேட்டர், ஸ்டார்ட்டர், ஃபிளைவீல், தகர உறை, தலைமூடி எல்லாவற்றையும் கழற்றி எண்ணெய் தடவி எடுத்துவையுங்கள். இதே வரிசை எஞ்சின் வைத்திருப்பவருக்கு அவை இரும்பு விலையைவிடப் பல மடங்கு பெறுமதியானவை. ஈப்போ லேத் பட்டறையில் விசாரித்தால், அப்படி யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அநேகமாக அவர்களுக்கே தெரிந்திருக்கும்.