வான்கோழி வேஷத்துல 8 கிலோமீட்டர் ஓட முடியுமா?

கேள்வி: அமெரிக்காவுல பஃபலோவுல இருக்கேன், வயசு 43. வான்கோழிக் கறி விருந்து வைக்கிற நவம்பர் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு இங்க நடக்குற டர்க்கி ட்ராட், அதாவது வான்கோழி ஓட்டத்துக்கு எங்க ஆபீஸ் டீம் மொத்தமும் பேர் கொடுத்திருக்கு, என் பேரையும் சேத்துட்டாங்க. வான்கோழி வேஷத்துல 8 கிலோமீட்டராம். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு அப்புறம் நான் ஓடினதே இல்ல, இதுல நாங்க சைவம் வேற. 12 வயசு பொண்ணு, "என் ஃப்ரெண்ட்ஸ் பாத்தா மானமே போயிடும்மா"ன்னு அழறா. இன்னும் ஒன்பது வாரம் இருக்கு. விலகிடவா? (பேர் வேண்டாம்)

பதில்: விலகாதீங்கம்மா. உங்க ஊர் ஓட்டம் சாதாரண ஓட்டம் இல்ல, 1896ல ஆரம்பிச்சது, பாஸ்டன் மாரத்தானே அதுக்கு அடுத்த வருஷம்தான் வந்துச்சு. அந்த முதல் வருஷம் கிளம்பினது ஆறே பேரு, மண் ரோட்டுல, அதுலயும் நாலு பேருதான் முடிச்சாங்க. இன்னைக்கு டெலவேர் அவென்யூல ஆயிரக்கணக்குல ஜனம் ஓடுது, முன்னாடி போற கொஞ்சப் பேருக்குத்தான் டைமிங் கவலை, பின்னாடி பூரா வேஷமும் குடும்பமும் பேச்சும் சிரிப்பும்தான், நீங்க நிக்க வேண்டியது அங்கதான்.

8 கிலோமீட்டர்னா பயப்படாதீங்க, வேகமா நடந்தாலே ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். வாரத்துக்கு மூணு நாள், ஒரு நிமிஷம் மெதுவா ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடைன்னு மாத்தி மாத்தி அரை மணி நேரம் போதும், ஒலிம்பிக்ஸ் ஓடின ஜெஃப் காலோவே பல வருஷமா சொல்லிக் கொடுத்த வழி இது, நடக்குறத தோல்வியா நினைக்கவே கூடாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தக் கூட்டுங்க, கடைசி வாரம் கொறைச்சுக்கோங்க. சுகர், பிபி, முட்டி வலின்னு எதாவது இருந்தா டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

இப்ப வேஷம். இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. நான் சென்னையில ஒரு டிசம்பர்ல கிறிஸ்மஸ் தாத்தா டிரெஸ்ல 5 கிலோமீட்டர் ஓடினேன், வீட்ல கண்ணாடி முன்னாடி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மூச்சுக்காத்துலயே தாடி நனைஞ்சு வாயில ஒட்டிக்கிச்சு, பேன்ட் எலாஸ்டிக் தளர்ந்துபோய் ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டேதான் முடிச்சேன். அதனால சொல்றேன், வேஷத்தப் போட்டு நின்னு பாத்தா பத்தாது, அதோட மூணு கிலோமீட்டராவது முன்கூட்டியே ஓடிப் பாக்கணும், ரெண்டு தடவை ஓடினா இன்னும் நல்லது. எங்க உரசுது, எது கழண்டு விழுதுன்னு அப்பதான் தெரியும், உரசுற எடத்துல வாஸ்லின் தடவிக்கோங்க. முகத்த மூடுற தலை வேண்டாம், பக்கத்துல வர்றவங்க தெரிய மாட்டாங்க, தொப்பி மாதிரி இருக்கட்டும். காத்தடிச்சு உப்ப வைக்கிற டிரெஸ் முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம். உள்ள காட்டன் போடாதீங்க, வேர்வைய உறிஞ்சி வச்சுக்கும், ஈரி ஏரிக் காத்துல அந்த ஈரம் ஊசியா குத்தும். நம்பர் ஷீட்ட வேஷத்துக்கு மேல முன்பக்கமா சேஃப்டி பின் வச்சு குத்துங்க, இறகு மறைக்கக் கூடாது.

சைவம்னு சொல்றீங்க, மனசுக்கு ஒப்பலன்னா வான்கோழி எதுக்கு? தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டு மேஜையில பூசணியும் சோளமும் கிரான்பெரியும் இருக்கே. டீம்கிட்ட தெளிவா சொல்லிட்டு நீங்க சோளக்கதிரா வாங்க, அத்தனை வான்கோழிக்கு நடுவுல ஒரு சோளம் இருந்தா அழகாத்தான் இருக்கும், ஓடுறதுக்கும் அதுதான் சுலபம், மஞ்சள் டி-ஷர்ட்ல ஃபெல்ட் துணியில வட்ட வட்டமா வெட்டி ஒட்டினா முடிஞ்சுது, பெரிய வாலு பக்கத்துல இருக்குறவங்களை இடிக்கிற வம்பும் இல்ல.

பொண்ணு விஷயம்தான் எனக்கு முக்கியமா படுது. 12 வயசுல அம்மாவால வர்ற வெக்கம் நெஜமான வெக்கம்மா, "இதுல என்னடி இருக்கு"ன்னு தள்ளிடாதீங்க. அவ ஃப்ரெண்ட்ஸ் வீட்லயும் யாராவது ஓடுறாங்களான்னு விசாரிக்கச் சொல்லுங்க, அந்த ஊர்ல கண்டிப்பா இருப்பாங்க. டிரெஸ்ஸ டிசைன் பண்றியான்னு கேளுங்க, கலர் அவ இஷ்டம். மாட்டேன்னா விட்ருங்க, ஃபோட்டோவ எங்கயும் போடமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டு அந்த வாக்கக் காப்பாத்துங்க.

இன்னொண்ணு, ஓட்டம் ஆரம்பிக்கிற எடம் வேற, டவுன்டவுன்ல முடியிற எடம் வேற. கார் ஆரம்பிச்ச எடத்துலயே நின்னுடும், வேர்த்த உடம்போட குளிர்ல நிக்கக் கூடாது. வீட்டுக்காரரை ஜாக்கெட், காஞ்ச டி-ஷர்ட், ஃபிளாஸ்க்குல சூடா இஞ்சி டீயோட முடியிற எடத்துல நிக்கச் சொல்லுங்க, மனசு மாறினா பொண்ணும் கூட வரட்டும்.