வண்டி ஹீட் ஆகுது அண்ணே! – கேள்வி பதில்

அம்பத்தூரில் 24 வருடமாக எக்ஸ்கவேட்டர், லோடர், ரோலர் இன்ஜின்களைப் பிரித்துக் கோக்கிறேன். அக்னி நட்சத்திரம் வந்தால் எனக்கு வரும் போன் எல்லாம் ஹீட் பற்றித்தான். இன்று அதை மட்டும் பேசுவோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

பூந்தமல்லி: சைட்ல போர் தண்ணிதான் அண்ணே கிடைக்குது. அதையே ஊத்தலாமா?

வேண்டாம் தம்பி. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, வீட்டு ஹீட்டர் காயிலில் படிவதுபோல இன்ஜினுக்குள்ளும் வெள்ளையாகப் படியும். கடலோர சைட்டாக இருந்தால் அரிப்பும் சேரும்.

பெரிய டீசல் இன்ஜின்களில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய், அதன் வெளிச்சுவர் நேராகத் தண்ணீரில் நிற்கும். ஒவ்வொரு முறை எரியும்போதும் பிஸ்டன் அடித்து லைனர் அதிரும். அந்த அதிர்வில் சுவரை ஒட்டி நுண்ணிய குமிழிகள் உண்டாகி உடையும். உடையும் ஒவ்வொரு குமிழியும் இரும்பைக் கொத்தும். நாளாவட்டத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து, தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் இருக்கும் மருந்து லைனர் மேல் மெல்லிய படலமாக நின்று அந்தக் கொத்தலைத் தாங்குகிறது. வெறும் தண்ணீரில் அந்தப் படலம் கிடையாது. 'சென்னையில பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?' என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலண்ட் பாதி. ரெடிமிக்ஸ் கேன் என்றால் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

சோழிங்கநல்லூர்: காலையில சரியா இருக்கு, மதியம் லோடு ஏறினா முள் சிவப்புக்குப் போகுது.

முதலில் ஃபின், அதாவது ரேடியேட்டரில் காற்று புகும் மெல்லிய தகடுகளைப் பாருங்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் பறக்கும் மண், ஆயில் கசிவோடு சேர்ந்து களிம்பாக ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். ஆயில் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளம் மாதிரி அடைத்திருக்கும். காற்று எந்தப் பக்கம் நுழைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதுங்கள். வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டே வைத்தால் ஃபின் மடங்கிப் போகும், அப்புறம் காற்றே போகாது. பிறகு பெல்ட் தளர்ச்சி, ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு.

ஆவடி: கூலண்ட்ல பச்சை நல்லதா, சிவப்பு நல்லதா?

கலர் வெறும் சாயம். டப்பாவின் பின்பக்கம் இருக்கும் ஸ்பெக்கை (தர விவரத்தை) வண்டி மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

மாதவரம்: தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டு 3 வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகல. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?

பல இன்ஜின்களில் அந்த வால்வுக்கு இரண்டு வேலை அண்ணே. சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதே நேரத்தில் கீழே இருக்கும் தட்டு, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்கே திருப்பும் பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். லோடு ஏறும்போது சூடு கூடத்தான் செய்யும்.

மாதவரம்: தியரி வேற. எனக்குக் கழட்டினதும் முள் இறங்குச்சே!

இறங்கியது என்றால் பழைய வால்வு திறக்காமல் சிக்கியிருந்தது என்று அர்த்தம். புதுசு போட்டிருந்தாலும் இறங்கியிருக்கும்.

செங்குன்றம்: மாதவரம் அண்ணன் சொல்றது சரிதான். எங்க ரோலர்லயும் வால்வு இல்ல, ஜில்லுனு ஓடுது.

ஜில்லென்று ஓடுவதுதான் எனக்குக் கவலை. இன்ஜின் சூடேறாவிட்டால் டீசல் முழுசாக எரியாது. மிச்சம் லைனர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் இளகும், பிஸ்டன் ரிங் தேயும். 3 வருஷத்தில் தெரியாது, ஓவர்ஹாலில் தெரியும். இருவரும் ஒன்று செய்யுங்கள்: வால்வைக் கயிற்றில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு காய்ச்சுங்கள். அதில் பொறித்திருக்கும் எண், 82 என்று வையுங்கள், அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் வால்வு நல்லது. திறக்காவிட்டால் மாற்றுங்கள். வால்வே இல்லாமல் ஓட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

குன்றத்தூர்: ஒழுகுற ரேடியேட்டர்ல மஞ்சள்தூள் போடலாமா?

மஞ்சள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, குழாய்களையும் அடைக்கும். ஒழுகல் வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து என்றால் எம்-சீல் வைத்து மூடாதீர்கள். உள்ளே சீல் போய்விட்டது என்று அந்தத் துளைதான் சொல்கிறது. பம்ப்பைப் பாருங்கள்.

திருவொற்றியூர்: சிவப்பு கூலண்ட்ல பச்சை கலக்கலாமா சார்?

மேலே ஆவடிக்குச் சொன்னதுதான். வகை தெரியாமல் கலக்காதீர்கள்.

வேளச்சேரி: கார் ஏசி கூல் ஆகல.

அது என் துறை இல்லை. ஏசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பல்லாவரம்: ஆரஞ்சு கலர் எப்படி?

கலரைப் பற்றி இது மூன்றாவது கேள்வி. இனிமேல் கலருக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

தாம்பரம்: துணி சுத்தி மூடியை மெல்ல திறந்தா ஆபத்து இல்லையே?

இருக்கிறது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்த நொடியில் மொத்தமும் கொதித்து வெளியே பாயும். என்னிடம் வேலை பார்த்த ஹெல்பர் ஒரு பையன், இதே துணியோடுதான் திறந்தான். கழுத்திலிருந்து மார்பு வரை வெந்துபோனது. அன்றிலிருந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, அது தளர்ந்து ஆறியிருந்தால்தான் மூடிப் பக்கம் யாரையும் விடுகிறேன். அவசரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் ஹெட்டில் விரிசலும் விழலாம்.

கிண்டி: வடிச்ச பழைய கூலண்டை என்ன பண்றது? கால்வாய்ல ஊத்தலாமா?

கூடாது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் அனுமதி பெற்ற ஆளிடம் இதையும் எடுப்பாரா என்று கேளுங்கள். தரையில் சிந்தினால் உடனே மண் போட்டு அள்ளிவிடுங்கள். அது இனிக்கும், சைட்டில் திரியும் நாய் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.