ஆக்சென்ட்டும் எஸ்டீமும் எங்கே போயின?

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறேன். என் மாமா தமது 2008ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆக்சென்ட் காரை 70,000 ரூபாய்க்கு எனக்குத் தருவதாகச் சொல்கிறார். கார் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஒரு காலத்தில் எங்கள் தெருவிலேயே நான்கைந்து நின்ற ஆக்சென்ட், எஸ்டீம், ஐகான் போன்ற கார்கள் இப்போது கண்ணில் படுவதே இல்லை. அவை தரமற்றவையா? இதை வாங்கலாமா?

பதில்: தரக்குறைவு இதற்குக் காரணம் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஆக்சென்ட்டும் மறைமலை நகரில் தயாரான ஐகானும் 1999இல் சந்தைக்கு வந்து, எஸ்டீமைப் போலவே, நடுத்தரக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் உழைத்தவை. அவற்றுள் பலவற்றின் எஞ்சின், கார் காயலான் கடைக்குப் போன நாளிலும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும்.

காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குகிறது. பழுதுபார்க்கும் செலவோ அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை. கிளட்ச், ஏ.சி. கம்ப்ரசர், சஸ்பென்ஷன் ஆகியவை ஒரே ஆண்டில் கைவிட்டால், மெக்கானிக் எழுதித் தரும் தொகை காரின் விலையில் பாதியைத் தாண்டிவிடும். உரிமையாளர் அன்றோடு காரைக் கைகழுவிவிடுவார். அம்பாசடர், கான்டெஸா போன்றவற்றுக்கு இதே நிலை வந்தபோது, ஆசைக்காகவே செலவு செய்ய ஆள் இருந்தது. ஆக்சென்ட்டைப் பழம்பொருளாகப் போற்றுவார் இன்னும் பிறக்கவில்லை. புதிய கார் என்று மதிப்பாரும் இல்லை. சாதாரண கார்கள் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட வயதில்தான் மறைகின்றன.

உதிரிப் பாகங்களின் கதையும் இதை ஒட்டியதே. எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சின் ஜிப்ஸியிலும் பயன்பட்டதால் எஞ்சின் பாகங்களுக்கு ஓரளவு வழி உண்டு. ஹெட்லைட், பம்பர், கதவு ரப்பர் போன்றவை அந்த மாடலுக்கே உரியவை. ஆகவே, புதுப்பேட்டையில் பிரிக்கப்பட்ட இன்னொரு காரிலிருந்துதான் அவற்றைத் தேடியெடுக்க வேண்டும். ஓடும் கார்கள் குறையக் குறைய, அவற்றுக்கான பாகங்களைத் தயாரிப்பவர்களும் இருப்பு வைப்பவர்களும் விலகிக்கொள்வதால், எஞ்சியவற்றைக் காப்பாற்றுவது மேலும் கடினமாகிறது.

நம் பகுதிக்கென்று தனியாக ஒரு பகையும் உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்று, பெயிண்ட் உரிந்த இடத்தில் தகட்டைச் சத்தமில்லாமல் தின்கிறது. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தெருவில் மூழ்கிக் கிடந்த பழைய கார்கள் பலவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்திருக்கும். அதில் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகவே கொள்ளப்படும். பழைய காருக்கு அந்த எல்லை வெகு அருகில் இருக்கிறது.

15 ஆண்டு முடிந்த காரைத் தமிழ்நாட்டில் ஓட்டவே கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அது டெல்லிப் பகுதியில் பெட்ரோல் கார்களுக்கு வந்த கட்டுப்பாடு. இங்கே எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற்று, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

உங்கள் மாமாவின் காருக்கு 2023இல் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆர்.சி.யில் அதை முதலில் பாருங்கள். புதுப்பிக்கவில்லை எனில், அந்தச் செலவு முழுவதையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உறவு என்று தயங்க வேண்டாம், மாமாவும் இதே கணக்கைப் போட்டுத்தான் விற்கிறார். பிறகு உள்ளே தரை விரிப்பையும் டிக்கியில் ஸ்டெப்னி டயரையும் எடுத்துவிட்டு, அடியில் உள்ள தகட்டை ஒரு டிங்கரிடம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு உறுதியாக இருந்தால், பழுதுகளுக்கென ஒரு தொகையை ஒதுக்கிவைத்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். துரு ஓட்டை போட்டிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.